வெயில் எந்தப் பக்கம்?

சென்னையில் ஒரு கல்லூரியில் ஜியாலஜி சொல்லிக்கொடுக்கிறேன். காலையில் பல்லாவரம் மலையில் சுத்தியலோடு நின்றால், மதியம் லேபில் செவ்வாயின் எண்டெவர் பள்ளத்து விளிம்புப் படங்களோடு உட்கார்ந்திருப்போம். 22 கிலோமீட்டர் அகலப் பள்ளம் அது. நாசாவின் ஆப்பர்ச்சுனிட்டி ஊர்தி 2011 ஆகஸ்டில் அதன் மேற்கு விளிம்பை எட்டியது. 2018 தூசுப் புயலில் பேச்சு நிற்கும்வரை அந்த விளிம்புப் பக்கமே சுற்றித் திரிந்தது.

முதல் வருடம் ஒரு தப்புச் செய்தேன். செவ்வாயைச் சுற்றிவரும் கலம் எடுத்த படமொன்றில் வரிசையாகச் சின்ன மேடுகள் தெரிந்தன. கெட்டிப் பாறை, சுற்றியிருந்தது அரித்துப்போக இது மட்டும் நிற்கிறது என்று அரை மணி நேரம் விளக்கினேன். பின்வரிசைப் பெண் ஒருத்தி எழுந்து, “மேடம், வெயில் எந்தப் பக்கத்துலேர்ந்து அடிக்குது?” என்றாள். அந்தக் கலம் படமெடுப்பது அங்கே பிற்பகல் மூன்று மணி வாக்கில். சூரியன் மேற்கே. வடக்கை மேலே வைத்த படத்தில் வெளிச்சம் இடப்பக்கமிருந்து வரும். மேடென்றால் இடப்பக்கம் பளிச்சென்று இருக்கவேண்டும். என் மேடுகளில் நிழல் இடப்பக்கம் கிடந்தது. அத்தனையும் குழிகள்.

அன்றிலிருந்து நோட்டில் நடுவே ஒரு கோடு போடச் சொல்கிறேன். இந்தப் பக்கம் ‘தெரிவது’, அந்தப் பக்கம் ‘நினைப்பது’.

அப்புறம், ஹோம்ஸ்டேக். எண்டெவர் விளிம்பிலுள்ள கேப் யார்க் மேட்டின் ஓரத்தில், கட்டைவிரல் அகலத்தில், பாறையைவிட வெளுத்து, சற்றே துருத்திக்கொண்டிருக்கும் ஒரு கோடு. நீளம் அரை மீட்டருக்குள்தான். ஊர்தியின் கருவி கால்சியமும் கந்தகமும் காட்டியது: ஜிப்சம், தண்ணீரில் கரைந்து வந்து படியும் கனிமம். அந்தப் படம் வரும்போது மேஜை இழுப்பறையைத் திறந்து, பெரம்பலூர் பக்கம் காரை என்ற ஊரில் எடுத்த ஜிப்சம் துண்டைக் கையில் கொடுப்பேன். பட்டு நூலை அடுக்கி வைத்தாற்போல இருக்கும். நகம் பட்டாலே கீறல் விழும். இதைத் தொட்டுப் பார்த்தவர்களுக்குச் செவ்வாய் வெறும் படமாக இருப்பதில்லை. அதற்காகவே பல வருடமாக அதைப் பத்திரமாக வைத்திருக்கிறேன்.

போன தடவை ஒரு பையன், “காரை கடல் சேறுதானே மேடம்? அப்போ அங்கேயும் கடலா?” என்று கேட்டான். நல்ல கேள்வி. ஆனால் காரையிலும் சேறு படிந்து இறுகி, வெடிப்பு விட்ட பிறகுதான் ஜிப்சம் அதில் நிரம்பியது. அந்த வெளுத்த கோடு ஒன்றை வைத்துக் கடல் இருந்தது என்று சொல்ல முடியாது என்றேன். கொஞ்ச நேரம் துண்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். ‘நினைப்பது’ பக்கத்தில் எழுதியிருந்த ‘கடல்’ என்பதை அடித்துவிட்டு எழுதினான்: ‘முதலில் பாறை. பிறகு விரிசல். அதற்கும் பிறகு தண்ணீர்.’