ஒரு டாலரில் தொடங்கிய வினாடி வினா

பழைய அமெரிக்க வானொலி நிகழ்ச்சிகளைப் பற்றித் தேடிப் படிக்கும் பித்து இப்போது தலைக்கேறியிருக்கிறது. இந்த வாரம் 'டேக் இட் ஆர் லீவ் இட்'. 1940இல் சிபிஎஸ் வானொலியில் தொடங்கியது. முதல் கேள்விக்கு ஒரு டாலர். பிறகு 2, 4, 8 என்று இரட்டித்துக்கொண்டே போய், ஏழாவது கேள்விக்கு 64. எந்தப் படியிலும் கிடைத்ததை வாங்கிக்கொண்டு விலகலாம். ஆசைப்பட்டுத் தொடர்ந்து தவறினால் அதுவும் போய்விடும். ஒருவர் "தொடர்கிறேன்" என்றதும் அரங்கமே "வருத்தப்படப் போகிறாய்!" என்று கத்துமாம். அதுதான் நிகழ்ச்சியின் உயிர் என்பேன்.

1955இல் அதே கரு தொலைக்காட்சிக்குப் போனது. உச்சப் பரிசு 64,000 டாலர்! ஒலி புகாத கண்ணாடிக் கூண்டு, விளம்பரதாரராக அழகுசாதன நிறுவனமான ரெவ்லான் என்று ஏக தடபுடல். அதில் எனக்குப் பிடித்தவர் ஜாய்ஸ் பிரதர்ஸ். படித்தது உளவியல், எடுத்துக்கொண்ட தலைப்போ குத்துச்சண்டை. புத்தகங்களைக் கரைத்துக் குடித்துவிட்டு வந்து முழுத் தொகையையும் வென்றார்.

பிறகு நடந்தது தெரிந்ததுதான். 'ட்வென்டி ஒன்' போன்ற வேறு தொலைக்காட்சி வினாடி வினாக்களில் விடைகளை முன்கூட்டியே சொல்லிக்கொடுத்தது அம்பலமாக, அந்தப் புயலில் 1958இல் இந்த 64,000 டாலர் நிகழ்ச்சியும் நின்றுபோனது. (64 டாலருக்கு யார் மெனக்கெட்டு மோசடி செய்வார்கள்? எனக்கு வானொலிக் காலமே உசத்தி.) 1960இல் அமெரிக்க நாடாளுமன்றம் வினாடி வினா மோசடியைக் குற்றமாக்கிச் சட்டமே போட்டது.