முகம் ஓரிடம், குரல் ஓரிடம்

என் அக்காள் மகள் நடித்த தொலைக்காட்சித் தொடர் முதன்முதலாக ஒளிபரப்பான மாலையில், பென்னாகரத்துக்குப் பக்கத்தில் இருக்கும் எங்கள் வீட்டுக் கூடத்தில் உறவினரும் அக்கம்பக்கத்தாருமாகப் பதினைந்து பேருக்குக் குறையாமல் கூடியிருந்தோம். கதாநாயகியின் தங்கையாக அவள் திரையில் தோன்றியதும் பிள்ளைகள் கைதட்டினார்கள்; அவள் வாய் திறந்து பேசத் தொடங்கியதும் கூடம் அமைதியாகிவிட்டது. களி கிண்டிய கையோடு அடுப்படி வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்த என் அம்மாதான் அந்த அமைதியைக் கலைத்தார். "மூஞ்சி நம்ம புள்ள மூஞ்சி, கொரலு யாருது?" என்று கேட்டார்.

அது வேறொரு பெண்ணின் குரல். படப்பிடிப்பு முடிந்த பிறகு, இவளுடைய பேச்சில் ஊர்வாடை அடிக்கிறது என்று யாரோ தீர்மானித்து, வசனம் முழுவதையும் இன்னொருவரைக் கொண்டு பேசவைத்துவிட்டார்கள். இவளுக்கே அது ஒளிபரப்புக்கு இரண்டு நாள் முன்னால்தான் தெரிந்திருக்கிறது. அதே மாதத்தில், கர்நாடகத்திலிருந்து வந்து வேறொரு தொடரில் நடித்துக்கொண்டிருந்த நாயகிக்குத் தமிழில் பேசிக்கொண்டிருந்தவளும் இவள்தான். ஓரிடத்தில் வேண்டாம் என்று தள்ளப்பட்ட குரல், சில தெருக்கள் தாண்டி இன்னொரு ஒலிப்பதிவுக்கூடத்தில் நாயகிக்குப் பொருத்தமானது என்று ஏற்றுக்கொள்ளப்பட்டது. 26 வயதில் இப்படி இரண்டாகப் பிரிந்து கிடக்கும் ஒரு நடிகையின் தொழிலைப் பற்றி, அவளை எழுத்துக்கூட்டிப் படிக்கவைத்த தாய்மாமன் என்ற உரிமையில் எழுதுகிறேன்.

அவளுக்கு நடிப்பு வந்த வழி என் அப்பா. எங்கள் பக்கத்து ஊர்களில் திரௌபதி அம்மன் கோயில் திருவிழா என்றால் பகலில் பாரதப் பிரசங்கமும் இரவில் கூத்துமாக நாள்கணக்கில் நடக்கும். அதில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் பாஞ்சாலி வேஷம் கட்டியவர் அவர். தெருக்கூத்தில் பெண் பாத்திரங்களையும் ஆண்களே ஏற்பது வழக்கம் என்பதால், பாஞ்சாலி என்றால் எங்கள் ஊர்க்காரர்களுக்கு அவருடைய முகம்தான் நினைவுக்கு வரும். கூத்தில் ஒரு முக்கியப் பாத்திரம் சட்டென்று அவைக்குள் நுழைந்துவிடாது. இருவர் ஒரு துணியைத் திரையாகப் பிடித்துக்கொள்ள, வேஷக்காரர் அதற்குப் பின்னால் நின்று முதலில் விருத்தம் பாடுவார். முகம் தெரிவதற்கு முன்னால் குரல் வந்துவிடும். குரலைக் கேட்டே வந்திருப்பது கர்ணனா துரியோதனனா என்று சனம் தெரிந்துகொள்ளும். அதன் பிறகுதான் திரை விலகும்.

பேத்தியை மடியில் வைத்துக்கொண்டு அப்பா அந்த விருத்தங்களைச் சொல்லிக்கொடுத்தார். ஒலிபெருக்கி இல்லாத காலத்தில் பாடிப் பழகிய அவர் அவளிடம் வற்புறுத்தியது ஒன்றே ஒன்று: அடியின் கடைசி எழுத்தை விழுங்கக் கூடாது, கடைசி வரிசையில் பாயை விரித்துப் படுத்திருக்கும் கிழவிக்கும் அது கேட்க வேண்டும். பள்ளியில் நான் கற்பித்த செய்யுள் வாசிப்பைவிட அந்தப் பாடம் அவளுக்கு ஆழமாகப் பதிந்தது என்பதைத் தமிழாசிரியனாகிய நான் ஒப்புக்கொள்ள வேண்டும்.

தருமபுரியில் இளங்கலை முடித்ததும், சங்கரதாஸ் சுவாமிகளின் பெயரைத் தாங்கிய புதுவைப் பல்கலைக்கழக நிகழ்கலைப் பள்ளியில் நாடகம் படிக்க அவளை அனுப்பினோம். பெண்பிள்ளையை நாடகத்துக்கு அனுப்புகிறார்களே என்று பேசியவர்கள் உண்டு. அதைப் பற்றி அதிகம் சொல்ல விரும்பவில்லை. அங்கே படித்த காலத்தில், நாடக ஆசிரியர் ந. முத்துசாமி 1977-இல் கூத்துப்பட்டறை என்ற நவீன நாடகக் குழுவைத் தொடங்கியதற்கு அடிப்படையாக இருந்தது தெருக்கூத்தின் மீது அவருக்கு உண்டான பெரும் ஈடுபாடுதான் என்று அவள் தெரிந்துகொண்டாள். அன்று இரவே தொலைபேசியில் என்னை அழைத்து, "மாமா, தாத்தா செஞ்சதைத்தான் இங்க பாடமா வெச்சிருக்காங்க" என்று சொல்லி அழுதாள். அப்பா அப்போது உயிரோடு இல்லை.

சென்னையில் மேடை நாடகம் அவளுக்கு மரியாதை தந்தது, வாடகை தரவில்லை. இரண்டு மாதம் ஒத்திகை பார்த்து மூன்று காட்சிகள் நடித்தால் கையில் வருவது பேருந்துச் செலவுக்குச் சரியாக இருக்கும். அந்த நெருக்கடியில்தான் டப்பிங்குக்குப் போனாள். முதலில் அவளுக்குக் கிடைத்தவை கூட்டக் குரல்கள்: சந்தையில் கூச்சலிடும் பெண், மருத்துவமனையில் பெயரைக் கூப்பிடும் செவிலி, இழவு வீட்டில் ஒப்பாரி வைப்பவர்களில் ஒருத்தி. வடபழனியிலும் சாலிகிராமத்திலும் ஒலிப்பதிவுக்கூட வாசல்களில் அழைப்புக்காகக் காத்திருந்த நாட்களே பேசிய நாட்களைவிட அதிகம். டப்பிங் கலைஞர்கள் சங்கத்தில் உறுப்பினராவதற்கான பணத்தை, அக்காள் தன் கம்மலை அடகு வைத்துக் கொடுத்தாள்.

அந்த வேலையின் நுட்பத்தை அவள் விளக்கிச் சொன்னபோதுதான் இதைக் கலை என்று முழுமனதோடு ஏற்றுக்கொண்டேன். திரையில் காட்சித் துண்டு ஓடும். காதில் நடிகையின் சொந்த மொழிப் பேச்சு கேட்கும். அதே நேரத்தில் தமிழ் வசனத்தை அந்த உதடுகளின் மீது பொருத்த வேண்டும். கன்னடத்திலோ இந்தியிலோ பேசும் அந்தப் பெண்ணின் இதழ்கள் எங்கே மூடுகின்றனவோ அங்கே தமிழில் ப அல்லது ம வந்து விழுந்தால்தான் பார்ப்பவர் கண்ணுக்கு உறுத்தாது. பகரமும் மகரமும் இரண்டு இதழும் இயைந்து பிறப்பவை, வகரம் பல்லும் இதழும் இயையப் பிறப்பது என்று தொல்காப்பியத்தின் பிறப்பியலை ஆண்டுதோறும் கரும்பலகையில் எழுதிக் கற்பித்து வந்திருக்கிறேன். அந்த நூற்பாவைத் தினமும் ஒருத்தி பிழைப்புக்காகப் பயன்படுத்துகிறாள் என்று அதுவரை நினைத்துப் பார்த்ததில்லை. "வரமாட்டேன்" என்று எழுதியிருக்கும் இடத்தில் நாயகியின் உதடு ஒட்டாவிட்டால், நின்ற நிலையிலேயே அதை "இங்கேயே இருக்கிறேன்" என்று மாற்றிப் பொருள் கெடாமல் சொல்லத் தெரிந்திருக்க வேண்டும்.

தாத்தா கற்றுத்தந்ததில் பாதியை அவள் அங்கே மறக்கவும் வேண்டியிருந்தது. கூத்தில் ஊர் எல்லைவரை எறிய வேண்டிய குரலை ஒலிவாங்கியின் முன் ஒரு சாண் தூரத்துக்குள் அடக்க வேண்டும்; எச்சில் விழுங்கும் ஓசைகூடப் பதிவாகிவிடும். ஆனால் மூச்சை எங்கே எடுப்பது, எங்கே தேக்கிவைப்பது என்பது மட்டும் இரண்டுக்கும் பொது என்று சொல்வாள். அழுகைக் காட்சியில் சொல்லைவிட மூச்சே முதலில் நடிக்கிறது என்பது அவளுடைய அனுபவம்.

இந்தத் துறையில் மதிப்புக்குரிய முன்னோடிகள் இருக்கிறார்கள். 1995-இல் வெளிவந்த 'பம்பாய்' படத்தில் மனிஷா கொய்ராலாவுக்குப் பேசியவர் நடிகை ரோகிணி. தொலைக்காட்சித் தொடர்களில் நடித்த தீபா வெங்கட், பிறகு பல படங்களில் நயன்தாராவின் குரலாகவே அறியப்பட்டார். குரல் கலைஞராக இருந்த ரவீணா ரவி, 2017-இல் 'ஒரு கிடாயின் கருணை மனு' படத்தில் நாயகியானார். தமிழ்நாடு அரசின் திரைப்பட விருதுகளில் பின்னணிக் குரல் கலைஞர்களுக்குத் தனி விருது உண்டு. தேசிய விருதுகளில் அப்படி ஒரு பிரிவே இல்லை. ஒரு பாத்திரத்தின் பாதி நடிப்பைத் தருபவருக்குத் தேசிய அளவில் ஒரு நாற்காலிகூடப் போடாமல் இருப்பது நியாயமில்லை என்று நான் உறுதியாக நினைக்கிறேன்.

ஊர்வாடை என்ற அந்தச் சொல்லும் என்னை விட்டு அகலவில்லை. தொடர்களில் கிராமம் வந்தால் பெரும்பாலும் மதுரைப் பேச்சு வரும். பணக்காரக் குடும்பம் வந்தால் சில நேரம் கோயம்புத்தூர்ப் பேச்சு வரும். கன்னடமும் தெலுங்கும் வீட்டுக்கு வீடு கலந்து புழங்கும் தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கத்துத் தமிழை நான் எந்தத் தொடரிலும் கேட்டதில்லை. இல்லாத பேச்சு என்று கருதப்படுவதால்தான் அது பிழையான பேச்சாகக் காதில் விழுகிறது போலும். நாயகிகளுக்குப் பேசும்போது அவள் அதைக் களைந்து வைத்துவிடுகிறாள். தன் சொந்த முகத்தோடு நடிக்கும்போதாவது அது இருக்கட்டும் என்றுதான் அந்தத் தங்கை வேடத்தில் இயல்பாகப் பேசியிருக்கிறாள்.

சென்ற சித்திரையில் ஊர்ப் பெரியவர்கள் கேட்டுக்கொண்டதன் பேரில், துகிலுரிதல் இரவுக்கு அவள் பாஞ்சாலி வேஷம் கட்டினாள். எங்கள் ஊர்க் கூத்தில் ஒரு பெண் அந்த வேஷத்தை ஏற்றது அதுவே முதல் முறை. நள்ளிரவு கடந்து, மத்தளமும் முகவீணையும் தணிந்தபோது, பிடித்த திரைக்குப் பின்னாலிருந்து விருத்தம் எழுந்தது. அப்பா பாடிய அதே மெட்டு, அதே நிறுத்தம், கடைசி எழுத்து விழுங்கப்படாமல் ஏரிக்கரை வரை போனது. திரை விலகுவதற்கு முன்பே முன்வரிசைப் பெண்கள் எழுந்து நின்று கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். என் அம்மா எழவில்லை. என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, "இது நம்ம புள்ள கொரலு" என்று மட்டும் சொன்னார்.

விடியும்வரை பாடியதில் தொண்டை கட்டிக்கொண்டது. மறுநாள் சென்னையில் ஒத்துக்கொண்டிருந்த டப்பிங் வேலைக்குப் போக முடியாமல், அந்தத் தொடரின் மீதிப் பகுதிகள் வேறொருவருக்குப் போய்விட்டன. இரண்டு நாள் சைகையிலேயே பேசிக்கொண்டிருந்தவளை மூன்றாம் நாள் மொரப்பூரில் ரயிலேற்றிவிடப் போனேன். நடைமேடையில் கால்ஷீட் குறிக்கும் நாட்குறிப்பைத் திறந்து, பின்பக்கத்தில் இருந்த அடுத்த ஆண்டு நாட்காட்டியில் சித்திரையில் மூன்று நாட்களைச் சுற்றிக் கோடு போட்டு என்னிடம் காட்டினாள். கூத்து ஓர் இரவுதானே என்று கேட்டேன். மற்ற இரண்டும் தொண்டைக்கு என்று கழுத்தைத் தொட்டுக் காட்டினாள்.