சபாத் லிப்ட்

வெள்ளிக்கிழமை மதியத்துக்கு மேல் ஜெருசலேமில் பஸ்ஸை நம்பி எங்கும் கிளம்ப முடியாது. அன்று மாலை சபாத், அதாவது வேலை எதுவும் செய்யக் கூடாத யூதர்களின் வார ஓய்வுநாள், தொடங்கிவிடும். 2011-இல் ஓட ஆரம்பித்த டிராமும் பொழுது சாயும் முன்பே நின்றுவிடும். சனிக்கிழமை இருட்டிய பிறகுதான் மறுபடி. சூரியன் மறைய 40 நிமிடம் இருக்கும்போது சைரன் ஊதும், வீடுகளில் மெழுகுவத்தி ஏற்றுவார்கள். (டெல் அவிவ்காரர்கள் பாடு தேவலை. 2019-இலிருந்து மாநகராட்சியே வாரக்கடைசி பஸ் விடுகிறது, அதுவும் இலவசமாக.)

எனக்குப் பிடித்தது எங்கள் அபார்ட்மெண்ட் லிப்ட்தான். சபாத்தில் பட்டனை அழுத்தக் கூடாது. அதனால் லிப்ட் தானே ஒவ்வொரு மாடியிலும் நின்று, கதவைத் திறந்து, மூடி, மேலும் கீழும் போய்க்கொண்டே இருக்கும். ஆறாவது மாடிப் பாட்டி பிரார்த்தனைப் புத்தகத்தை மார்போடு அணைத்துக்கொண்டு, துளி அவசரமில்லாமல் உள்ளே நிற்பார். இதுவும் கூடாது என்கிற ரபிகள் (யூத மதகுருக்கள்) உண்டு. ஆபீஸ் நண்பன் இதைக் கள்ளாட்டம் என்கிறான். எனக்கு அப்படித் தோன்றவில்லை. விதியைத் தூக்கிப் போட்டுவிட்டுப் போவது எவ்வளவு சுலபம், இவர்கள் உட்கார்ந்து எஞ்சினியரிங் பண்ணியிருக்கிறார்கள்!

என்ன, பால் பாக்கெட்டோடு எட்டாவது மாடிக்குப் போக வேண்டிய எனக்குத்தான் பொறுமை போதவில்லை. படியிலேயே ஏறிவிடுகிறேன்.