பேய்க்கொம்மட்டி

ஆண்டு மலர் போடும் குழுத் தம்பி போன் செய்தவுடன் கேட்டது, "காக்கா (அண்ணன்), உங்க பேரை எப்படி எழுதணும்?" என்றுதான். ஊரை விட்டு வந்து இத்தனை வருடம் ஆகியும் இந்தக் கேள்வி என்னை விடவில்லை. சரி, இந்த வருடம் அதையே எழுதிவிடுகிறேன்.

கீழக்கரையில் நம் வகுப்பில் காதர் மூன்று பேர், செய்யது நான்கு பேர். பக்கத்து ஏர்வாடியில் சுல்தான் செய்யிது இபுறாகீம் ஷஹீது அடங்கியிருப்பதால் இபுறாகீம்களுக்குச் சொல்லவே வேண்டாம். ஹன்ளலா நான் ஒருவன்தான். பெயர் கூப்பிடும்போது அன்னலா, அந்தளா, ஒரு தடவை அண்ணாமலை. எதற்கும் "உள்ளேன் ஐயா" சொல்லிப் பழகிவிட்டேன்.

குற்றம் அந்த ஓர் எழுத்தில் இருக்கிறது. நண்பகல் தொழுகையான லுஹரின் முதல் எழுத்தும் அதுதான். அதையே சிலர் ளுஹர் என்று எழுதுவோம். தமிழில் அதற்குச் சரியான எழுத்து இல்லை. வீட்டில் அரபுத்தமிழில், அதாவது அரபு எழுத்தில் தமிழாக, எழுதிய பழைய நோட்டு ஒன்றில் என் பெயர் பிழையில்லாமல் இருக்கும். பள்ளிக்கூடத்துக்கு அந்த நோட்டை யார் கொண்டுபோவது?

"வேற பேரே கிடைக்கலையா?" என்று ஒருநாள் அழுதேன். வாப்பா, நபிகள் நாயகம் மக்காக் குறைஷிகளை எதிர்கொண்ட உஹது போரைச் சொன்னார். ஹிஜ்ரி 3, அதாவது கி.பி. 625. ஹன்ளலா என்ற நபித்தோழருக்கு முதல்நாள் இரவுதான் கல்யாணம் நடந்திருந்தது. அழைப்பு வந்ததும், கல்யாண இரவுக்குப் பின் கடமையான குளிப்புக்கூட இல்லாமல் களத்துக்கு ஓடினார். அவரைப் பெற்ற தகப்பன் எதிர்ப்படையில் நின்றார். ஷஹீதான (போரில் உயிர்நீத்த) ஹன்ளலாவை மலக்குகள், அதாவது வானவர்கள், குளிப்பாட்டியதாக நபிகள் நாயகம் சொன்னார்கள். 'மலக்குகள் குளிப்பாட்டியவர்' என்ற பட்டம் அப்படி வந்தது.

பத்து நாள் தலைநிமிர்ந்து நடந்திருப்பேன். அப்புறம் ஓதப்பள்ளியில் லெப்பை ஒரு ஹதீஸ் (நபிமொழி) சொன்னார். குர்ஆன் ஓதும் முஃமின் (இறைநம்பிக்கையாளர்) நார்த்தம்பழம், மணமும் ருசியும் உண்டு, ஓதாத முஃமின் பேரீச்சை, ஓதும் முனாஃபிக் (நயவஞ்சகர்) ரைஹான் செடி, ஓதாத முனாஃபிக்... லெப்பை என்னைப் பார்த்துத் தயங்கினார். "ஹன்ளலா. மணமும் கிடையாது, கசப்பு. நம்ம ஊர்ப் பேய்க்கொம்மட்டிதான்."

அன்றோடு போனது பெருமை.

பேய்க்கொம்மட்டி நமக்குப் புதிதில்லை. மைதானத்துக்குப் பின்னால் மணலோடு மணலாகப் படர்ந்து கிடக்கும். மஞ்சள் பூ, பச்சை வரி போட்ட காய், பார்க்கத் தர்பூசணிக் குஞ்சு மாதிரி. காய்ந்துவிட்டால் மஞ்சளாகி, எடையே இல்லாமல், உலுக்கினால் விதை கலகலக்கும். கச்சான் காற்று அடிக்கும் மாதங்களில் தானாக உருண்டு வரும். நாம் உதைத்து விளையாடுவோம். தின்ன மட்டும் யாரும் துணிந்ததில்லை. ஐந்தாம் வகுப்பில் ஓர் இடைவேளையில், "ஒன் பேருதானே, நக்கிப் பாரு" என்று பந்தயம் கட்டினார்கள். உடைத்தேன். உள்ளே வெள்ளையாகப் பஞ்சு. நாக்கு நுனி பட்டதோ இல்லையோ, கசப்பு காதுவரை ஏறியது. துப்பினேன், மறுபடி துப்பினேன், வகுப்புக்குள்ளும் ஜன்னல் வழியாகத் துப்பினேன். வாத்தியார் வெளியே அனுப்பிச் சுவரைப் பார்த்து நிற்கச் சொன்னார். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு மணி அடிக்கும்வரை நின்றேன். ஊறிய எச்சிலெல்லாம் கசப்பு.

பிள்ளைக்கு ஏன் கசப்புக் காயின் பெயர்? பழைய அரபிகள் சிங்கம், பாறை, கசப்பு என்றுதான் வைத்தார்கள். நபிகள் நாயகத்தின் முன்னோரில் ஒருவர் பெயரான முர்ராவிலும் கசப்புத்தான் இருக்கிறது. 'மகன்களுக்குப் பகைவர்களை நினைத்துப் பெயர் வைக்கிறோம்' என்பது அவர்கள் பேச்சு. நம் ஊரிலும் பிச்சை, குப்பை என்று வைத்தோம். ஆனால் நாம் பயந்தது எமனுக்கு.

குவைத்துக்கு வந்தபோது பாஸ்போர்ட்டில் 'ள'வை 'எல்' ஆக்கியிருந்தார்கள். அலுவலகத்தில் இருந்த பாலஸ்தீனக் கணக்கர் ஒருவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். நான் அரபியில் எழுதிக் காட்டினேன். "ஹன்தலா!" என்று எழுந்தேவிட்டார். மேசை இழுப்பறையிலிருந்து, ஒரு பையன் உருவம் தொங்கிய சாவிக்கொத்தை எடுத்து நீட்டினார். பாலஸ்தீனக் கேலிச்சித்திரக்காரர் நாஜி அல் அலீ 1969இல் குவைத்துப் பத்திரிகையில் வரையத் தொடங்கிய பையனாம். பெயர் அந்தக் காயிலிருந்து வந்ததாம். வயது என்றைக்கும் பத்துதானாம். முள் முள்ளாய் முடி, வெறுங்கால். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, நமக்கு முதுகைக் காட்டி நின்றான்.