எல்ஃப் கெபின் மாற்றம்: அது மூன்றா, எட்டா?

போன செவ்வாய், கெபின் (சாரதி உட்காரும் முன்பகுதி) மாற்றிய லொறியைப் பரிசோதனைக்குக் கொண்டு போனேன், போன மாதிரியே திரும்பி வந்தேன். கெபினில் ஒரு குறையும் இல்லை. கதவு ஒரு தட்டில் மூடுகிறது, கெபினைத் தூக்கினால் பாரத்தைத் தாங்க உதவும் முறுக்குக் கம்பி, அதுதான் டோர்ஷன் பார், ஒழுங்காக வேலை செய்கிறது, பிரேக்கும் சரி. மாட்டியது சேஸி நம்பரில், அதாவது லொறியின் அடிச்சட்டத்தில் அடித்திருக்கும் நம்பரில்.

லொறி இசுசு எல்ஃப் 250. அப்பா கிராண்ட்பாஸில் மரக்காலைக்கு ஓட்டியது. கெபின் தரை கறள் பிடித்து உக்கி, கிளச்சை மிதித்தால் கீழே ரோட்டுத் தெரியும். ஒட்டுப் போட்டு அலுத்துப் போய், பழைய வாகனச் சாமான் கடைகள் இருக்கும் பஞ்சிகாவத்தையில், யப்பானிலிருந்து வந்த கெபின் ஒன்றை வாங்கினேன். 2020இல் வாகன இறக்குமதி நின்றபோது பழைய லொறிச் சாமான் எல்லாம் தங்க விலையானது, அந்தப் புலம்பல் வேண்டாம். ஒன்று மட்டும் சொல்கிறேன்: பில் இல்லாமல் தந்தால் எவ்வளவு மலிவென்றாலும் விட்டுவிடுங்கள். முதலில் பார்த்த கடைக்காரர் பில் கேட்டதும் என்னைப் பொலிஸ்காரன் போலப் பார்த்தார்.

நான் செய்த மடத்தனம் இது. எல்ஃப்பில் நம்பர் இரண்டு இடத்தில் இருக்கிறது: சேஸி இரும்பில் அடித்தது ஒன்று, கெபினில் ஆணி அடித்த தகட்டில் ஒன்று. வாங்கிய கெபினில் வேறொரு லொறியின் தகடு. என் தகடு ஒட்டியிருந்த பழைய கெபினையோ, முற்றத்தை அடைக்கிறதென்று பழைய இரும்புக்காரரிடம் கொடுத்துவிட்டேன். தேடிப் போனபோது அது துண்டு துண்டாகக் கிடந்தது. ஆக, லொறி என்னுடையதுதான் என்று சொல்ல மிச்சம் இருந்தது சேஸியில் அடித்த நம்பர் ஒன்றுதான். அது முன் சக்கரத்தின் பக்கத்தில், நாலு கோட் பெயின்டுக்கும் சேற்றுக்கும் அடியில். பரிசோதகர் டோர்ச் அடித்துப் பார்த்துவிட்டு, கடைசியிலிருந்து மூன்றாவது இலக்கம் மூன்றா எட்டா என்று கேட்டார். எனக்கும் தெரியவில்லை. சீஆரில், அதாவது வாகனப் பதிவுச் சான்றிதழில், எட்டு.

கராஜில் பாஸ், “கிரைண்டரால ஒரு இழுப்பு இழுத்தாப் பளிச்செண்டு வரும் தம்பி” என்றார். ஓடிப்போய்ப் பிளக்கைக் கழற்றினேன். நம்பரைச் சுற்றிக் கிரைண்டர் கோடு இருந்தால், அழித்து அடித்த நம்பர் என்றுதான் எவனும் நினைப்பான். கம்பிப் பிரஷும் வேண்டாம், விளிம்பைத் தேய்த்துவிடும்.

மூன்று நாள் அந்த ஒரு சாண் இரும்போடு மல்லுக்கட்டினேன். முதலில் மண்ணெண்ணெயில் ஊறிய துணி, சேறு போனது. அப்புறம் பெயின்ட் ரிமூவர், பழைய டூத்பிரஷ். பெயின்ட் போனாலும் பள்ளத்துக்குள் கறள் இறுகிக் கிடந்தது. வினாகிரியில் நனைத்த துணியை வைத்து, மேலே பொலித்தீன் சுற்றி இரவு முழுக்க விட்டேன். காலையில் கறுப்புச் சேறு மாதிரி வழிந்தது. உடனே அப்பச்சோடாத் தண்ணீரால் கழுவி நன்றாகத் துடைத்துக் காய வைக்க வேண்டும், இல்லையென்றால் மத்தியானத்துக்குள் புதுக் கறள் பூத்துவிடும். கொழும்புக் காற்றைச் சொல்லவா வேண்டும். இதை இரண்டு இரவு செய்தேன்.

பிறகு பேபி பவுடரைத் தடவி, மேலோட்டமாகத் துடைத்தேன். பள்ளத்தில் மட்டும் வெள்ளை நின்றது. எட்டு! மேல் வளையத்தின் இடப்பக்கம் மெல்லிய கோடாக இருந்தது, அவ்வளவுதான்.

நம்பர் மேல் தாளை வைத்துப் பென்சிலால் உரசிப் பிரதி எடுக்கப் புறக்கோட்டையில் பட்டத் தாள் வாங்கினேன். சாதாரணத் தாள் தடிப்பு, கோடு மழுங்கும். தாளை டேப்பால் இறுக்கி, 2பி பென்சிலைப் படுக்கப் போட்டு, ஒரே திசையில் லேசாக. ஐந்தாவது தாளில் சுத்தமாக விழுந்தது. இப்போது நம்பர் மேல் தெளிந்த லாக்கர் பூசியிருக்கிறேன், கிரீஸ் பூசினால் தூசிதான் சேரும்.

உங்களில் யாராவது கெபின் மாற்றப் போனால், பழையதைக் கழற்ற முன் தகடு, சேஸி நம்பர் இரண்டையும் படம் எடுங்கள். பரிசோதனை முடியும்வரை பழைய கெபின் முற்றத்திலேயே கிடக்கட்டும், வீட்டில் ஏச்சு வாங்கினாலும் பரவாயில்லை. தகட்டை நீங்களாகக் கழற்றிப் புதுக் கெபினில் அடிக்கப் போகாதீர்கள். லீசிங் லொறி என்றால் சீஆரில் கம்பனியின் பெயரும் இருக்கும், அவர்களைக் கேட்காமல் தொடவே வேண்டாம்.

நிறம் இன்னொரு தலையிடி. வந்த கெபின் வெள்ளை, சீஆரில் நீலம். நிறத்தை மாற்றிப் பதிய நாரஹேன்பிட்டி மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்துக்கு அலைவதை விட நீலமே அடித்துவிடலாம் என்று முடிவு. பின்பெட்டியின் பலகைகளையும் மாற்ற ஆசை, ஆனால் அதற்குப் பிறகு எடையும் மாறும், இப்போதைக்கு வேண்டாம்.

அடுத்த செவ்வாய் மறுபடி போகிறேன். அதற்கு முன் கதவில் எடையும் சொந்தக்காரர் பெயரும் எழுத வேண்டும். எழுதுகிறவர் சனிக்கிழமை வருகிறார், பெயர் என்ன போட என்று கேட்டார். பழைய கதவில் அப்பாவின் பெயர் இருந்தது, சீஆரில் இப்போது இருப்பது என்னுடையது. என்னுடையதையே எழுதச் சொன்னேன், எழுத்து மட்டும் பழைய மாதிரி மஞ்சளில்.