நாடாவை ஓட்டாமல் கேட்ட இசை

எனக்குப் பிடித்த பாட்டுகளைப் பட்டியலிடச் சொன்னால் விடிய விடிய எழுதுவேன். பிடித்த இசைத்தொகுப்புகள் எவை என்று கேட்டால் அவை ஒரு கை விரல்களுக்குள் ஏறக்குறைய அடங்கிவிடும். முதல் பாட்டின் தொடக்கத்திலிருந்து கடைசிப் பாட்டின் முடிவு வரை ஒன்றைக்கூடத் தாண்டாமல், மீண்டும் மீண்டும் கேட்க முடிந்ததைத்தான் நான் பிடித்த தொகுப்பு என்பேன். நல்ல பாட்டு இரண்டு இருக்கிறது என்பதற்காக ஒரு கேசட்டை அந்த வரிசையில் சேர்க்க எனக்கு மனம் வராது.

இந்த அளவுகோல் ரசனையால் வந்ததன்று, பேட்டரியால் வந்தது. மலேசியாவில் சுங்கை சிப்புட் பட்டணத்துக்கு வெளியே ஒரு ரப்பர்த் தோட்டத்தின் லயத்து (தொழிலாளர் வரிசை) வீட்டில் நான் வளர்ந்த காலத்தில், மின்சாரம் தோட்டத்து ஜெனரேட்டரிலிருந்து மாலையில் வந்து இரவில் நின்றுவிடும். மற்ற நேரங்களில் எங்கள் கேசட் ரேடியோ பேட்டரியில்தான் ஓடியது. நாடாவை முன்னும் பின்னும் ஓட்டினால் பேட்டரி சீக்கிரம் இறங்கிவிடும் என்பதால், அந்த இரண்டு பொத்தான்களையும் யாரும் தொடக்கூடாது என்பது அப்பாவின் கட்டளை. பேட்டரி இறங்க இறங்க நாடாவின் வேகம் தளர்ந்து, எஸ்.ஜானகியின் குரல் சிறுகச் சிறுகத் தடித்து ஆண்குரலாகி, கடைசியில் காய்ச்சல்காரர் முனகுவதைப்போல் இழுத்துக்கொண்டு நிற்கும். அப்போது பேட்டரிகளைக் கழற்றித் தகரக் கூரையின்மேல் வெயிலில் காய வைப்போம். இன்னும் இரண்டு பாட்டுக்காவது உயிர் வரும்.

இதனால் பிடிக்காத பாட்டையும் நாங்கள் கேட்டே ஆகவேண்டியிருந்தது. கேட்டுக் கேட்டு, ஒரு பாட்டு முடியும்போதே அடுத்த பாட்டின் தொடக்க இசை மனத்தில் எழுந்துவிடும். இன்று வானொலியில் அதே பாட்டை ஒலியேற்றிவிட்டு அறிவிப்பாளர் வேறு எதையோ போடும்போது, படிக்கட்டில் ஒரு படி குறைந்துவிட்ட தடுமாற்றம் எனக்கு ஏற்படுகிறது. படமோ பெரும்பாலும் பின்னால்தான் வரும். பாட்டு கேசட்டில் வந்து, எங்களுக்கு மனப்பாடமாகி, கல்யாண வீட்டுக் கூம்பு ஒலிபெருக்கியில் தேய்ந்த பிறகே பட்டணத்துத் திரையரங்கில் படத்தைப் பார்ப்போம். ஆகவே எங்கள் காதில் அந்தப் பாட்டுகளுக்கு நடிகர் முகம் கிடையாது.

அந்த வரிசையில் முதலாவது, 1977இல் வந்த ‘பதினாறு வயதினிலே’. இளையராஜா ‘அன்னக்கிளி’யில் அறிமுகமாகி ஓராண்டுதான் ஆகியிருந்தது. ‘செந்தூரப் பூவே’ பாட்டுக்காக ஜானகிக்குத் தேசிய விருது கிடைத்ததை எல்லாரும் சொல்வார்கள். எங்கள் லயத்தில் பேச்சு முழுவதும் வேறொருவரைப் பற்றியது. ‘ஆட்டுக்குட்டி முட்டையிட்டு’ தொடங்கியதும் யாராவது ஒரு பெரியவர், “நம்ம ஊரு ஆளுடா இவன்” என்று சொல்லாமல் இருக்கமாட்டார். மலேசியாவில் பிறந்து, இங்கே நாடகக் குழுவில் பாடி நடித்து, சென்னைக்குப் போய்ச் சேர்ந்த வாசுதேவன், பெயருக்கு முன்னால் நாட்டின் பெயரையே சுமந்துகொண்டு கேசட் அட்டையில் வந்தார். 2011இல் அவர் மறைந்தபோது என் காதில் கேட்டது, பலரும் சொன்ன ‘பூங்காற்று திரும்புமா’ அன்று; அந்த ஆட்டுக்குட்டிப் பாட்டில் அவர் குரலில் இருந்த கொண்டாட்டம்தான். மேடையில் பாடிப் பழகியவனின் தொண்டை அது. ஒலிவாங்கி இல்லாவிட்டாலும் கடைசி வரிசைவரை போய்ச் சேரும்.

‘சிந்து பைரவி’யிடம் வரும்போது பேட்டரிச் சட்டத்தின் பயனை இன்னும் தெளிவாகச் சொல்லலாம். 1985இல் வந்த அந்தக் கேசட்டில் எங்கள் தோட்டத்து ஆண்களுக்கு வேண்டியிருந்தது ஒரே பாட்டுத்தான்: ‘தண்ணித் தொட்டி’. கள்ளுக்கடையிலிருந்து திரும்பும் வழியில் அதைப் பாடாதவர் இல்லை. ஆனால் அதை அடைய வேண்டுமென்றால் ‘கலைவாணியே’யையும் பாரதியார் பாட்டுகளையும் கடந்துதான் போக வேண்டும். கர்நாடக இசை என்றால் வானொலியை அணைக்கும் நேரம் என்று நினைத்திருந்த வீட்டில், கல்யாணி ராகத்தில் அமைந்த ‘கலைவாணியே’ நாள் தவறாமல் ஒலித்தது. அது ஆரோகண சுரங்களை மட்டும் கொண்டு, கீழிறங்காமல் மேலேறிக்கொண்டே போகும்படி அமைக்கப்பட்டது என்பதைப் பல ஆண்டுகளுக்குப் பிறகுதான் படித்துத் தெரிந்துகொண்டேன். ஆனால் அதில் ஏதோ ஒன்று ஏறிக்கொண்டே இருக்கிறது என்பது, ராகத்தின் பெயர்கூடத் தெரியாத என் அம்மாவுக்கே தெரிந்திருந்தது. “மூச்சு வாங்குது கேக்கறப்ப” என்பார்.

அந்தத் தொகுப்பின் உச்சம் ‘பாடறியேன் படிப்பறியேன்’. சித்ராவுக்குத் தேசிய விருதும், அதே படத்துக்காக இளையராஜாவுக்குத் தேசிய விருதும் கிடைத்தன. நாட்டுப்புற மெட்டாகத் தொடங்கும் பாட்டு, எங்கே வளைந்தது என்று பிடிபடாமல் தியாகராஜரின் ‘மரி மரி நின்னே’ கீர்த்தனையில் போய் நிற்கிறது. வழக்கமாகக் காம்போதி ராகத்தில் பாடப்படும் அந்தக் கீர்த்தனையை இளையராஜா சாரமதி ராகத்தில் அமைத்தார். அதற்காகச் சில வித்வான்கள் முகம் சுளித்திருக்கலாம். எங்களைப் பொறுத்தவரை, நடவுப் பாட்டும் ஒப்பாரியும் பாடத் தெரிந்த ஆயாவும், சபாவில் பாடும் வித்வானும் ஒரே சுரங்களில்தான் நிற்கிறார்கள் என்பதை அந்தப் பாட்டு விவாதம் எதுவும் இல்லாமல் காட்டிவிட்டது.

இனி, என்னை இன்றைய ரசிகனாக ஆக்கிய தொகுப்பு. 1986இல் வந்த ‘ஹவ் டு நேம் இட்’ கேசட்டை ஈப்போவில் ஒரு கடையில் எடுத்தபோது, “தம்பி, இதுல பாட்டு இல்ல” என்று கடைக்காரர் எச்சரித்தார். இளையராஜாவின் பெயர் இருந்ததால் வாங்கிவிட்டேன். வீட்டில் போட்டதும் அப்பா சிறிது நேரம் பொறுத்துப் பார்த்துவிட்டு, “பாடறவன் எப்ப வருவான்?” என்று கேட்டார். கடைசிவரை எவனும் வரவில்லை.

தியாகராஜருக்கும் ஜெர்மானிய இசைமேதை யோஹான் செபாஸ்டியன் பாக்குக்கும் காணிக்கையாக்கப்பட்ட தொகுப்பு அது. பாக் 1750இல் இறந்தார். தியாகராஜர் பிறந்தது 1767இல். காலத்தாலும் கடலாலும் சந்தித்திருக்க முடியாத இருவரையும் இளையராஜா தம் வீட்டுக்கே அழைத்துவிடுகிறார் என்பதை ‘ஐ மெட் பாக் இன் மை ஹவுஸ்’ என்ற தலைப்பே சொல்கிறது. பாக் தனி வயலினுக்காக எழுதிய மூன்றாம் பார்ட்டிட்டா என்ற பல பகுதி இசைக்கோவையின் முகப்புப் பகுதி அதில் ஓடுகிறது. மூச்சுவிட இடமில்லாமல் சுரங்கள் கொட்டிக்கொண்டே இருக்கும் இசை அது. பாக் கைப்பட எழுதிய பிரதியில் 1720 என்ற ஆண்டு இருக்கிறது. தனியாக நிற்பதற்கென்றே எழுதப்பட்ட அந்த வயலினைச் சுற்றி இளையராஜா மற்ற தந்திக் கருவிகளைப் பேச வைக்கிறார். அவை பக்கவாத்தியமாகப் பின்னால் நின்று தலையாட்டுவதில்லை. தங்களுக்கென ஒரு மெட்டை வைத்துக்கொண்டு குறுக்கே வருகின்றன.

முதலில் எனக்கு மேலே ஓடும் வயலின் மட்டுமே கேட்டது. நாடாவை ஓட்ட முடியாத காரணத்தால் அதே இசை திரும்பத் திரும்ப வந்துகொண்டிருந்தபோது, ஒரு நாள் அதன் அடியில் நகரும் இன்னொரு மெட்டு காதில் தட்டுப்பட்டது. அதைப் பிடித்த பிறகு அதற்கும் அடியில் இருந்த செல்லோ. ஃபியூக் என்றால் என்ன என்று அன்று யாரும் எனக்குச் சொல்லித்தரவில்லை. ஒரு குரல் ஒரு மெட்டைத் தொடங்க, அது முடிவதற்குள் இன்னொரு குரல் அதே மெட்டை வேறு சுருதியில் தொடங்க, முதற்குரல் வாய் மூடாமல் தன் வழியில் தொடர, மூன்றாவது வந்து சேர்ந்துகொள்ளும் அந்த விளையாட்டை ‘மேட் மாட் மூட் ஃபியூக்’ கேட்டே புரிந்துகொண்டேன். வி.எஸ்.நரசிம்மனின் வயலின் இந்தத் தொகுப்பின் உயிர். மேற்கத்திய முறைப்படி சுரத்தை அசையாமல் நிறுத்திவைக்கும் அதே வில், சில நொடிகளுக்குப் பின் கமகத்தோடு குழையும். அந்த மாற்றத்தில் ஒட்டுப்போட்ட தடம் தெரியாது. தாளக் கருவிகளின் ஒலி சில இடங்களில் எண்பதுகளிலேயே தங்கிவிட்டது என்பதை ஒப்புக்கொள்கிறேன். தந்திக் கருவிகளுக்கு அந்த வயது ஏறவில்லை.

பிறகு பாலு மகேந்திராவின் ‘வீடு’ படத்தில் இதே இசை பயன்பட்டதைக் கேட்டபோது எனக்குச் சற்றுப் பொறாமையாகவே இருந்தது. முகமே இல்லாமல் என்னிடம் இருந்த இசைக்கு இப்போது ஒரு முகம் வந்துவிட்டதல்லவா? 1988இல் ஹரிபிரசாத் சௌராசியாவின் புல்லாங்குழலோடு வந்த ‘நத்திங் பட் விண்ட்’ இதைவிட இனிமையானது என்பார் பலர். இனிமையானதுதான். ஆனால் என்னை வேலை வாங்கியது முதல் தொகுப்பே.

‘ரோஜா’ எங்கே என்று கேட்பவர்கள் இருப்பார்கள். 1992இல் அதைக் கேட்டு வாய் பிளந்தவர்களில் நானும் ஒருவன். ஆனால் திருமணம், திருவிழா, பேருந்து, கோப்பிக் கடை என்று எங்கு திரும்பினாலும் அதுவே ஒலித்ததால் நானாகக் கேட்க வேண்டிய தேவையே ஏற்படவில்லை. ஏ.ஆர்.ரகுமானின் தொகுப்புகளில் நான் வைத்துக்கொண்டது மறு ஆண்டு வந்த ‘திருடா திருடா’. அதற்குள் ரப்பர் மரங்களைச் சாய்த்துச் செம்பனை நட்டுவிட்டார்கள். நாங்களும் பட்டணத்துத் தாமானில் (குடியிருப்புப் பகுதியில்) ஒரு மலிவு விலை வீட்டுக்கு வந்துவிட்டோம். நாள் முழுவதும் மின்சாரம் இருந்தது, பொத்தானைத் தொடத் தடையும் இல்லை. ஆனாலும் ‘ராசாத்தி’யைத் தாண்டத் தோன்றவில்லை. ஒரு வாத்தியமும் இல்லாமல், ஷாகுல் ஹமீதின் குரலும் அதைத் தாங்கும் கூட்டுக் குரல்களும் மட்டுமே கொண்ட பாட்டு அது. இத்தனை மின்னணுக் கருவிகளை ஆளத் தெரிந்த ஒருவர் அவை எல்லாவற்றையும் அணைத்துவிட்டுப் பாடவைத்ததில் ஒரு துணிச்சல் இருக்கிறது.

இடையில் ஆலிகேட்ஸ் இசைக்குழுவைக் குறிப்பிடாமல் போனால் பினாங்கு நண்பர்கள் மன்னிக்கமாட்டார்கள். டேவிட் ஆறுமுகமும் அவருடைய தம்பி லோகநாதனும் மலாய்ப் பாட்டில் பெற்ற இடம் எங்களுக்கெல்லாம் பெருமை. ஆனால் அவர்களுடைய பாட்டுகள் எனக்குத் தொகுப்புகளாக வந்து சேரவில்லை. தொழிற்சாலைப் பேருந்தின் வானொலியில் ஒவ்வொன்றாகத்தான் வந்தன.

உள்ளூர்த் தமிழ்த் தொகுப்பு என்றால் நான் 2006க்கு வந்தாக வேண்டும். யோகி பி அதற்கு முன்பே பொயட்டிக் அம்மோ குழுவில் நான்கு மொழிகளில் ராப் செய்தவர்; 1998இல் வந்த அவர்களுடைய தொகுப்பில் தமிழும் ஒரு மொழியாக இருந்தது. நட்சத்திரா குழுவோடு அவர் வெளியிட்ட ‘வல்லவன்’ முழுக்கத் தமிழ் நாவில் நின்றது. ‘நிழல்கள்’ படத்தில் எஸ்.பி.பாலசுப்பிரமணியம் பாடிய ‘மடை திறந்து’ மெட்டை எடுத்து அதன்மேல் தங்கள் சொற்களைக் கட்டினார்கள். பழைய பாட்டுகளைக் கொத்துக்கறி போடும் ரீமிக்ஸ்களை நான் வெறுப்பவன். இது அந்த வகையன்று. மூலப் பாட்டில் வாய்ப்புக்காக ஏங்கும் ஓர் இளம் இசைக்கலைஞனின் துள்ளல் இருக்கிறது. அதே துள்ளலை இங்குள்ள இளைஞர்கள் தங்கள் கதைக்குப் பயன்படுத்திக்கொண்டார்கள். மலேசியாவில் தமிழ் பேசும் இளைஞனின் வேகமும் முறுக்கும் ஒலிவட்டில் பதிவானதைக் கேட்டபோது, வாசுதேவனைக் கேட்டு ‘நம்ம ஊரு ஆள்’ என்று சொன்ன பெரியவர்கள் உயிரோடு இருந்திருந்தால் என்ன சொல்லியிருப்பார்கள் என்று யோசித்தேன். சத்தத்தைக் குறைக்கச் சொல்லியிருப்பார்கள்.

கடைசியாக ஒரு தொகுப்பு, எங்கள் வீட்டில் இன்னும் தகராறுக்கு உரியது. 2005இல் வந்த இளையராஜாவின் ‘திருவாசகம்’. புடாபெஸ்ட் சிம்பொனி இசைக்குழு வாசிக்க, மாணிக்கவாசகரின் பாடல்களை அவர் பாடினார். இரண்டாவதாக வரும் ‘பொல்லா வினையேன்’ சிவபுராணத்திலிருந்து எடுத்தது. இருபது நிமிடத்தை எட்டும் அதில், புல்லிலும் பூடிலும் தொடங்கும் பிறவிகளின் பகுதிக்கு அமெரிக்கப் பாடலாசிரியர் ஸ்டீபன் ஷ்வார்ட்ஸ் எழுதிய ஆங்கில வரிகளும் குறுக்கே வரும். அந்த ஆங்கிலம் முதலில் எனக்குப் பல்லில் கல்லாக இடறியது. ஆனால் சிறுவயதுப் பழக்கம், தாண்டவில்லை. இப்போது அந்த வரிகள் இல்லாமல் அந்தப் பாட்டை நினைக்க முடியவில்லை. அம்மாவின் தடை வேறு காரணத்தால் வந்தது. இங்கே இழவு வீடுகளில் சிவபுராணம் ஓதுவார்கள். அது நல்ல நாளில் வீட்டில் ஒலிக்கக்கூடாது என்பது அவருடைய உறுதியான எண்ணம். எவ்வளவு எடுத்துச் சொல்லியும் பயனில்லை. ஆகவே அந்த ஒலிவட்டு என் காரிலேயே இருக்கிறது. வீட்டிலிருந்து புறப்படும்போது போட்டால், ஈப்போவை நெருங்கும் வேளையில் இரண்டாம் பாட்டு முடிந்து மூன்றாவது தொடங்கியிருக்கும்.