கறிதோசைப் பந்தயத்துக்கு முன்னால் பேசி முடிக்க வேண்டியவை

கேரளா அளவுக்கு இல்லாவிட்டாலும், கால்பந்து உலகக் கோப்பை வந்தால் மதுரையிலும் ஃப்ளெக்ஸ் ஏறும், டீக்கடை பெஞ்சு சூடாகும். "அர்ஜென்டினாக்காரய்ங்க கப்பு அடிச்சதே பெனால்டியிலதான்டா" என்று ஒருவர் ஆரம்பிப்பார். "எதுல அடிச்சா என்ன மாப்ள, கப்பு யாருகிட்ட இருக்கு?" என்பார் இன்னொருவர். இரண்டு பேர் சொல்வதும் சரிதான். ஆளுக்கொரு கணக்கை வைத்துக்கொண்டு பேசுவதால்தான் ராத்திரி ஒரு மணிக்கும் அது முடிவதில்லை.

முதலில் பந்தயம். தோற்றவர் கறிதோசை வாங்கித் தர வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். 2022 இறுதி ஆட்டத்தை எடுங்கள். 80ஆவது நிமிடம் வரை அர்ஜென்டினா 2-0. 90 நிமிடமும் இஞ்சுரி டைமும் முடிந்தபோது 2-2. எக்ஸ்ட்ரா டைம் முடிந்ததும் 3-3. பெனால்டி ஷூட்-அவுட்டில் 4-2. "அர்ஜென்டினா ஜெயிக்கும்" என்று சொன்னவருக்குக் கறிதோசை உண்டா? கோப்பையை வைத்துப் பேசினால் உண்டு. 90 நிமிடத்தை வைத்தாலும் 120 நிமிடத்தை வைத்தாலும் டிரா. புள்ளிவிவரப் பதிவிலும் அந்த ஆட்டம் டிரா என்றே நிற்கிறது. ஆகவே, "90 நிமிசமா, கப்பா?" என்று விசில் ஊதும் முன்பே கேட்டுவிட வேண்டும். 90 நிமிடம் என்றால் இஞ்சுரி டைம் சேர்த்தி, எக்ஸ்ட்ரா டைம் சேராது. பிறகு கேட்டால் பரோட்டாகூடத் தேறாது.

அடுத்தது நேருக்கு நேர் கணக்கு. பிரேசிலும் அர்ஜென்டினாவும் நூறு தடவைக்கு மேல் மோதியிருக்கின்றன. ஆனால் யார் எத்தனை ஜெயித்தார்கள் என்பதில் இரண்டு நாட்டுச் சங்கங்களின் பட்டியலே ஒத்துப்போவதில்லை. பழைய நட்பு ஆட்டங்களில் எதைச் சேர்ப்பது, எதை விடுவது என்பதில்தான் இடிக்கிறது. 2021 செப்டம்பரில் சாவ் பாவ்லோவில் தகுதிச்சுற்று ஆட்டம் தொடங்கிய சில நிமிடங்களில் சுகாதார அதிகாரிகள் மைதானத்துக்குள் இறங்கி நிறுத்திவிட்டார்கள். கொரோனா தனிமைப்படுத்தல் விதி பற்றிய தகராறு. அது திரும்ப ஆடப்படவே இல்லை. மொத்தக் கணக்கை வைத்து வாதாடுவது வீண் வேலை.

உலகக் கோப்பையில் மட்டும் என்று வரம்பு கட்டினால் கணக்கு சுத்தமாக இருக்கும். நாலே நாலு ஆட்டம்: 1974இல் பிரேசில் 2-1, 1978இல் 0-0, 1982இல் பிரேசில் 3-1, 1990இல் கானிஜியா அடித்த ஒரே கோலில் அர்ஜென்டினா. அதற்குப் பிறகு 2022 வரை ஒரு உலகக் கோப்பையிலும் மோதவில்லை. இன்றைக்கு இதற்காகக் கழுத்து நரம்பு புடைக்கக் கத்தும் பையன்களில் பெரும்பாலோர் அப்போது பிறக்கவே இல்லை. அண்மைக் கணக்கு வேண்டுமென்றால் அது அர்ஜென்டினா பக்கம்: 2021 கோபா அமெரிக்கா (தென் அமெரிக்க நாடுகளின் கோப்பை) இறுதி, பிரேசிலின் மரக்கானா மைதானத்தில் 1-0, 2023 நவம்பர், அதே மரக்கானாவில் 1-0, தகுதிச்சுற்றில் பிரேசில் சொந்த மண்ணில் தோற்றது அதுவே முதல் முறை, 2025 மார்ச், புவனஸ் அயர்ஸில் 4-1. பிரேசில்காரர்கள் 1982ஐ இழுப்பது இதனால்தான்.

தரவரிசைச் சண்டைதான் இருப்பதிலேயே சிக்கலானது. 2018 ஆகஸ்ட் முதல் உலகக் கால்பந்து அமைப்பான ஃபிஃபா பயன்படுத்தும் முறை இது: ஜெயித்தால் 1, டிரா 0.5, தோற்றால் 0. அதிலிருந்து "எதிர்பார்த்த முடிவை" (இரண்டு அணிகளின் புள்ளி வித்தியாசத்தை வைத்து முன்கூட்டியே கணிக்கும் எண்)க் கழித்து, ஆட்டத்தின் எடையால் பெருக்க வேண்டும். நாட்டு அணிகளுக்கென ஃபிஃபா ஒதுக்கிய நாட்களுக்குள் வரும் நட்பு ஆட்டத்துக்கு எடை 10, உலகக் கோப்பைத் தகுதிச்சுற்றுக்கு 25, உலகக் கோப்பையில் காலிறுதிக்கு முன்வரை 50, காலிறுதியிலிருந்து 60. 300 புள்ளி வித்தியாசம் உள்ள இரண்டு அணிகள் மோதினால் கீழே உள்ள அணியின் எதிர்பார்த்த முடிவு ஏறத்தாழ 0.24. அது நட்பு ஆட்டத்தில் ஜெயித்தால் 0.76 × 10, அதாவது 7.6 புள்ளி. அதே வெற்றி உலகக் கோப்பை குரூப்பில் என்றால் 38. மேலே உள்ள அணி நட்பு ஆட்டத்தில் ஜெயித்தால் கிடைப்பது வெறும் 2.4, தோற்றால் 7.6 போய்விடும்.

இன்னும் இரண்டு விதி உண்டு, பலர் கவனிப்பதில்லை. ஷூட்-அவுட்டில் ஜெயித்தால் 1 இல்லை, 0.75தான், தோற்றவருக்கு 0.5. பெரிய தொடர்களின் நாக்-அவுட்டில், அதாவது தோற்றால் வெளியேறும் சுற்றுகளில், தோற்றாலும் புள்ளி குறையாது. 2022 டிசம்பரில் கோப்பை தூக்கியும் அர்ஜென்டினா இரண்டாம் இடத்தில் நின்றதற்குக் காரணம் இதில்தான் இருக்கிறது. குரூப்பில் சவூதியிடம் 1-2 தோல்வி முழுசாக அடித்தது. நெதர்லாந்தையும் பிரான்சையும் ஷூட்-அவுட்டில் தாண்டியதால் 1க்குப் பதில் 0.75தான் கணக்கில் வந்தது. பிரேசிலோ காலிறுதியில் குரோஷியாவிடம் வெளியேறியும் அந்த ஆட்டத்தால் ஒரு புள்ளிகூட இழக்காமல் முதலிடத்திலேயே உட்கார்ந்திருந்தது.

சூத்திரத்தில் கோல் வித்தியாசம் கிடையாது. சொந்த மைதானம், வெளி மைதானம் என்ற பாகுபாடும் இல்லை. 2019இல் ஆசியச் சாம்பியன் கத்தாரை தோஹாவிலேயே இந்தியா 0-0 என்று நிறுத்தியது. அதே டிரா கொல்கத்தாவில் வந்திருந்தாலும் அதே புள்ளிதான். இது சரியில்லை என்பது என் எண்ணம். ஆனாலும் பழைய முறைக்கு இது எவ்வளவோ தேவலை. அப்போது நட்பு ஆட்டம் ஆடினாலே பெரிய அணிகளின் சராசரி பெரும்பாலும் இறங்கும். போலந்து அவற்றைத் தவிர்த்தே 2018 உலகக் கோப்பைக்கான குரூப் குலுக்கலில், தரவரிசையில் மேலே உள்ள அணிகளின் முதல் பிரிவில் இடம் பிடித்து, கடைசியில் தன் குரூப்பில் கடைசியாக வந்தது.

"எங்க டீம்தான் அதிக ஷாட் அடிச்சது" என்று எண்ணிக்கையைக் காட்டுபவர்களுக்கு ஒரே பதில் போதும்: 2022 மார்ச்சில் பலெர்மோவில் இத்தாலி முப்பது ஷாட்டுக்கு மேல் அடித்தும், வட மாசிடோனியா இஞ்சுரி டைமில் அடித்த ஒரு கோலில் உலகக் கோப்பைக்கு வெளியே போனது. தூரத்திலிருந்து அடித்ததும், தடுப்பாட்டக்காரர் காலில் பட்டுத் திரும்பியதும் எல்லாமே அந்த முப்பதில் சேர்த்திதான்.

ஃப்ளெக்ஸ் அடிப்பவர்கள் அச்சுக்குக் கொடுக்கும் முன் ஜெர்சிச் சின்னத்துக்கு மேலே உள்ள நட்சத்திரத்தை எண்ணுங்கள், ஜெயித்த கோப்பைக்கு ஒன்று. பிரேசில் 5, ஜெர்மனி 4, இத்தாலி 4, பிரான்ஸ் 2. அர்ஜென்டினாவுக்கு 1978, 1986, 2022 என்று 3. இணையத்தில் எடுத்த பழைய படத்தில் இரண்டுதான் இருக்கும், எதிர்த் தெருக்காரர் கண்ணில் முதலில் படுவதும் அதுதான். உருகுவே 4 போட்டுக்கொள்கிறது. உலகக் கோப்பை இரண்டுதான். மற்ற இரண்டும் 1924, 1928 ஒலிம்பிக் தங்கத்துக்கு. டிசைன் போடும் தம்பி தப்பென்று நினைத்து இரண்டை அழித்துவிடாமல் பக்கத்தில் நின்று பார்த்துக்கொள்ளுங்கள்.